கிட்டங்கித் தெருவில் ஓவியமும் சாக்லேட்டும்: ஃபோர்ட் கொச்சியில் ஒரு நாள் நடை

கம்பத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். அவருடைய நாத்தனார் பிரஸ்ஸல்ஸ் நகருக்குச் சென்றிருந்தபோது, வழிகாட்டி ஒருவருடன் அரை நாள் நடந்து, வழியில் சாக்லேட் கடைகளில் சுவைத்தும் ஓவியக் கூடங்களில் நின்று பார்த்தும் வந்ததைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாராம். வரும் ஜனவரியில் மாமியாரையும் ஆறாம் வகுப்பு படிக்கும் மகனையும் அழைத்துக்கொண்டு கொச்சிக்கு வர இருக்கும் ஆசிரியை, அப்படி ஒரு நடை இங்கே சாத்தியமா, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது, வழிகாட்டி தேவையா, மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதால் சாக்லேட் சுவைப்பது சரிவருமா என்று கேட்கிறார்.

முடியும் என்பதே என் பதில். நான் இடுக்கி மாவட்டத்தில் கொக்கோ மரங்களுக்கு நடுவே வளர்ந்தவன்; 14 ஆண்டுகளாக ஃபோர்ட் கொச்சியில் வாழ்கிறேன்; தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்களை இந்தத் தெருக்களில் அழைத்துச் சென்று காட்டியும் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பிரஸ்ஸல்ஸ் நடையை வேரோடு பெயர்த்து இங்கே நட்டால் அது பிழைக்காது. கொச்சிக்கென்று ஓர் இழை இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால், நாத்தனார் பார்த்திராத ஒன்றை நீங்கள் பார்த்துவிட்டுப் போகலாம்.

பிரஸ்ஸல்ஸில் இந்த நடை எளிதாக அமைவதற்குக் காரணம், அங்கே இரண்டும் பக்கத்துப் பக்கத்து வாசல்கள் என்பதுதான். 1857ஆம் ஆண்டில் ழான் நியூஹவுஸ் என்பவர் கண்ணாடிக் கூரை வேய்ந்த அங்காடித் தெருவில் மருந்துக் கடை ஒன்றைத் திறந்தார். கசக்கும் மருந்தைச் சாக்லேட்டால் பொதிந்து கொடுத்த கடை அது. 1912இல் அவருடைய பேரன் மருந்தை எடுத்துவிட்டு உள்ளே இனிப்புப் பூரணத்தை வைத்தபோது, பிரலின் என்று உலகம் அறிந்த பண்டம் பிறந்தது. சப்லோன் சதுக்கத்தைச் சுற்றிச் சாக்லேட் கடைகளும் பழம்பொருள் கடைகளும் ஓவியக் கூடங்களும் நெருங்கி நிற்கின்றன. அங்கிருந்து சற்று நடந்தால் அரச நுண்கலை அருங்காட்சியகமும், 2009இல் திறக்கப்பட்ட மக்ரித் அருங்காட்சியகமும் வந்துவிடும். ஆனால் கொக்கோ மரம் அந்தக் குளிரில் விளையாது. அங்கே நடப்பவர்கள் பார்ப்பது பயணத்தின் கடைசி ஊரை மட்டுமே.

கொச்சியில் ஓவியத்தையும் சாக்லேட்டையும் இணைப்பது கடைத்தெரு அல்ல, கிட்டங்கி, அதாவது சரக்குகளைச் சேர்த்து வைக்கும் பண்டகசாலை. மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சி வரை காயலோரமாக நீளும் பஜார் ரோட்டில், முன்வாசல் சாலையைப் பார்த்தும் பின்வாசல் தண்ணீரைப் பார்த்தும் நிற்கும் பழைய கிட்டங்கிகளை வரிசையாகக் காணலாம். மலையிலிருந்து இறங்கிய மிளகும் ஏலக்காயும் சுக்கும் முன்வாசலில் வந்து, முற்றத்தில் காய்ந்து, கையால் தரம் பிரிக்கப்பட்டு, பின்வாசலில் படகேறிக் கப்பலுக்குப் போன கட்டடங்கள் அவை. 1867இல் ஆஸ்பின்வால் என்ற ஆங்கிலேய வணிகர் நிறுவிய கம்பெனியின் வளாகமும், பெப்பர் ஹவுஸ் என்று அழைக்கப்படும் டச்சுப் பாணி மிளகுக் கிட்டங்கியும் இந்த வகைதான். வணிகம் நவீனத் துறைமுகத்துக்கும் கன்டெய்னர்களுக்கும் இடம் மாறியபின் இவற்றில் பல காலியாகக் கிடந்தன. 12.12.2012 அன்று தொடங்கிய கொச்சி முசிரிஸ் பியெனாலே என்ற கலைத் திருவிழா அந்த வெற்றுக் கூடங்களில் ஓவியங்களையும் சிற்பங்களையும் வைத்தது. அன்றிலிருந்து கிட்டங்கி என்றாலே கலைக்கூடம் என்று இங்கே பொருள் விரிந்துவிட்டது. மழைக்காலத்தில் ஈரம் ஏறும்போது சில அறைகளின் சுவரிலிருந்து இன்றும் சுக்கின் வாசம் வருவதை நான் நுகர்ந்திருக்கிறேன்.

மலையிலிருந்து அதே பாதையில் இறங்கும் சரக்குகளில் மிகவும் இளையது கொக்கோ. அதன் இந்திய வரலாறு உங்கள் பக்கத்து மலையடிவாரத்தில் தொடங்குகிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள்: 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனி அம்பாய்னா தீவிலிருந்து கொக்கோக் கன்றுகளைக் கொண்டுவந்து குற்றாலத்தில் நட்டது. அந்த முயற்சி பெரிதாகப் பரவவில்லை. 1970களில் தென்னைக்கும் பாக்குக்கும் இடையே ஊடுபயிராகக் கேரளத்தில் கொக்கோ ஊன்றப்பட்ட பிறகே விவசாயிகள் அதைத் தங்கள் பயிராக ஏற்றார்கள். திருச்சூருக்கு அருகிலுள்ள வெள்ளானிக்கரையில் கேரள வேளாண் பல்கலைக்கழகம் இன்றும் அதில் ஆராய்ச்சி செய்துவருகிறது. விலை விழுந்த ஆண்டுகளில் மரங்களை வெட்டித் தள்ளியவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் மழை பொய்த்தும் நோய் தாக்கியும் விளைச்சல் சரிந்த 2024இல், உலகச் சந்தையில் கொக்கோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அந்த நாள்களில் வெட்டியவர்கள் வெட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏலக்காய்க்குப் போடி ஏலத்தில் விலை ஏறி இறங்குவதைப் பார்த்துப் பழகிய கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நடைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் அருகிலுள்ள யூதர் ஜெபாலயத்துக்கும் அன்று விடுமுறை. ஜெபாலயம் சனிக்கிழமையும் மூடியிருக்கும் என்பதால் ஞாயிறு முதல் வியாழன் வரை ஏதேனும் ஒரு நாள் பொருந்தும். எர்ணாகுளத்தில் தங்கினால், உயர்நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து வாட்டர் மெட்ரோவில் ஃபோர்ட் கொச்சிக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோவில் மட்டாஞ்சேரி சென்று, நடையை அங்கே தொடங்கி ஃபோர்ட் கொச்சியை நோக்கித் திரும்பி வாருங்கள். வெயில் ஏறுமுன் சுவரோவியம், நாக்கு கூர்மையாக இருக்கும்போது சாக்லேட், உச்சி வெயிலில் நிழலான கூடங்கள், மாலையில் கடற்காற்று என்று நாள் அமைய வேண்டுமானால் இந்தத் திசைதான் சரி.

மட்டாஞ்சேரி அரண்மனையை 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தார்கள். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் அதைச் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வெளியே சாதாரணமான ஓட்டுக் கட்டடமாகத் தோன்றும் அதன் பள்ளியறையில்தான், அதாவது அரசர் உறங்கிய அறையில்தான், இராமாயணச் சுவரோவியங்கள் இருக்கின்றன. தசரதரின் வேள்வியில் தொடங்கி இராமர் அயோத்தி திரும்புவது வரை கதை சுவரைச் சுற்றிச் செல்கிறது. சித்தன்னவாசலையோ தஞ்சைப் பெரிய கோயிலையோ பார்த்த கண்ணுக்கு முதலில் ஒரு திணறல் ஏற்படும்; ஏனென்றால் இங்கே வெற்றிடம் என்பதே கிடையாது. உருவத்தின் தோளில் இன்னொரு உருவம், அதன் கிரீடத்தில் ஓர் இலை, இலையின் நரம்பில் ஒரு புள்ளி என்று சுவர் முழுவதும் நெருக்கிக்கொண்டு நிற்கும்.

அந்தத் திணறலுக்கு மருந்து, ஒரு சதுர அடியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அங்கேயே நிற்பது. கேரளச் சுவரோவிய மரபில் காவிச் சிவப்பு, காவி மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை என்ற ஐந்து வண்ணங்களே அடிப்படை. சிவப்பும் மஞ்சளும் மண்ணிலிருந்து, பச்சை தாவரச் சாறுகளின் கலவையிலிருந்து, கறுப்பு எண்ணெய் விளக்கின் கரியிலிருந்து, வெள்ளை சுவரின் சுண்ணாம்பிலிருந்து வருகின்றன. சாத்வீகப் பாத்திரங்களுக்குப் பச்சை என்பது மரபு. கதகளியின் பச்சை வேடமும் அதே எண்ணத்தில் அமைந்ததுதான். பச்சை முகங்களைத் தேடி எண்ணும்படி மகனிடம் சொல்லுங்கள். எண்ணத் தொடங்கினால் பிள்ளைகள் அவசரப்படமாட்டார்கள். நான் அழைத்துவந்த ஒரு சிறுமி, ஒரு முகத்தின் கண்ணிமைக்கு மேலே போகும் கறுப்புக் கோடு நடுவில் தடித்து இருபுறமும் மெலிவதைக் கண்டுபிடித்து, தூரிகையை எவ்வளவு அழுத்திப் பின் எப்படித் தூக்கியிருப்பார்கள் என்று காற்றிலேயே விரலால் வரைந்து காட்டினாள். அன்றுவரை எத்தனையோ முறை அந்த அறைக்குள் போயிருந்தும் அந்தக் கோட்டை நான் கவனித்ததில்லை. இந்த அறைக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். அரண்மனையின் மற்ற அறைகளுக்கு 20 நிமிடம் போதும்.

அரண்மனையிலிருந்து யூதத் தெரு கூப்பிடு தூரம். 1568இல் எழுந்த பரதேசி ஜெபாலயத்தின் தரையில் பதித்திருக்கும் சீனத்து நீல ஓடுகள் ஒவ்வொன்றும் கையால் தீட்டியவை என்பதால், அதையும் ஓர் ஓவியக் கூடமாகவே நான் கணக்கில் சேர்ப்பேன். வெறுங்காலோடு அந்த ஓடுகளின் மேல் நடக்கும் குளிர்ச்சியை உங்கள் மாமியார் விரும்புவார். தெருவின் இருபுறமும் பழம்பொருள் கடைகள் அழைத்துக்கொண்டே இருக்கும். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் உள்ளே போக வேண்டாம், நேரம் அங்கேதான் கரையும்.

சாக்லேட் சுவைப்பதற்குரிய வேளை இதுதான், காலை 11 மணி, 11.30 மணி. காலை உணவு செரித்து, மதியச் சாப்பாடு இன்னும் வராத இடைவெளியில்தான் நாக்கு நுட்பமாக வேலை செய்கிறது. குடம்புளி போட்ட மீன்குழம்பு சாப்பிட்ட பிறகு எந்தச் சாக்லேட்டும் வெறும் இனிப்பாகவே தெரியும். எத்தனையோ சுற்றுலாக்களில் சுவைப்பதை மாலைக்கு ஒத்திப்போட்டு வீணடிப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். நிழலும் மின்விசிறியும் உள்ள ஒரு கஃபேயில், குடிக்க ஏதாவது வாங்கிக்கொண்டு, எங்கள் சாக்லேட்டைச் சுவைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

எதைச் சுவைப்பது என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். குமுளியிலும் மூணாற்றிலும் ஊட்டியிலும் 'ஹோம்மேட் சாக்லேட்' என்று தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி காம்பவுண்ட் எனப்படும் வகை. கொக்கோவின் சொந்தக் கொழுப்பான கொக்கோ பட்டருக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்து, கட்டிகளாக வருவதை உருக்கி, முந்திரி திராட்சை போட்டு அச்சில் ஊற்றியது அது. தின்பதற்குத் தவறில்லை, ஆனால் சுவைத்துப் பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் கொக்கோ எங்கே விளைந்தது என்பதை அந்தக் கொழுப்பு மறைத்துவிடும். உறையைத் திருப்பிப் பாருங்கள். கொக்கோ, சர்க்கரை, கொக்கோ பட்டர் என்று நாலைந்து பெயர்களோடு பட்டியல் முடிந்தால் அது சாக்லேட். ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட் என்று இருந்தால் காம்பவுண்ட். விதையிலிருந்து கட்டி வரை தாங்களே செய்யும் சிறிய நிறுவனங்கள் இப்போது தென்னாட்டிலேயே உள்ளன: கொச்சியின் பால் அண்ட் மைக், பொள்ளாச்சித் தோட்டத்து விதையிலிருந்து செய்யும் சோக்லெட், ஆரோவில்லின் மேசன் அண்ட் கோ ஆகியவை எனக்குப் பழக்கமானவை. சிச்சுவான் மிளகும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்த பால் அண்ட் மைக்கின், கொக்கோ 64 சதவீதம் உள்ள சாக்லேட், 2021இல் இன்டர்நேஷனல் சாக்லேட் அவார்ட்ஸ் போட்டியில் வெள்ளி பெற்றது.

மூன்று கட்டிகள் வாங்கினால் போதும். மூன்றும் 70 சதவீதத்தை ஒட்டியவையாக, வெவ்வேறு இடத்தில் விளைந்தவையாக இருக்கட்டும். கேரளத்தில் விளைந்தது ஒன்று, பொள்ளாச்சியில் விளைந்தது ஒன்று, ஆந்திராவின் கோதாவரிப் பக்கம் விளைந்தது ஒன்று என்று கிடைத்தால் நல்லது. விளைந்த ஊரை நல்ல தயாரிப்பாளர்கள் உறையிலேயே எழுதிவிடுவார்கள். ஒரு துண்டு 5 கிராம் இருந்தால் தாராளம். முதலில் காதருகே வைத்து உடையுங்கள்: கொக்கோ பட்டர் சரியான முறையில் உறைந்த சாக்லேட் 'சட்'டென்று முறியும், சரியாக உறையாதது ஓசையில்லாமல் வளைந்து பிளக்கும். பிறகு முகர்ந்து, நாக்கின் நடுவில் வைத்து, கடிக்காமல் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். கொக்கோ பட்டர் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகும். நம் உடல் சூடு அதைவிடச் சற்றே கூடுதல். அதனால்தான் கையில் கட்டியாக இருப்பது வாயில் தானாகக் கரைகிறது. முதல் பத்து நொடியில் கசப்பும் புளிப்பும், அடுத்து பழவாசம், கடைசியில் வறுத்த வாசம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் கவனிக்கலாம். கேரளக் கொக்கோவில் பழப் புளிப்பு தூக்கலாக இருப்பதாக என் நாக்கு சொல்கிறது. ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் குடியுங்கள். இங்கே உணவகங்களில் தரும் இளஞ்சிவப்புப் பதிமுகத் தண்ணீரும் சீரகத் தண்ணீரும் வேண்டாம். இரண்டும் வாயில் தங்கள் மணத்தை விட்டுச் செல்லும். முன்னதாகக் காபியும் கூடாது.

சுவைக்கும்போது மகனிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. வறுத்து உடைத்த கொக்கோப் பருப்பைச் சர்க்கரையோடு சேர்த்து அரைக்கும் இயந்திரம், நம் வீட்டு வெட் கிரைண்டரின் உறவுதான். கருங்கல் உருளைகள் கல் தளத்தின் மேல் சுற்றும் அதே அமைப்பு. கோயம்புத்தூரில் செய்யும் இத்தகைய இயந்திரங்கள் உலகெங்கும் உள்ள சிறு சாக்லேட் பட்டறைகளுக்குப் போகின்றன. இட்லி மாவு அரை மணியில் அரைபட்டுவிடும். சாக்லேட்டுக்கு இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் ஓட வேண்டும். துகள் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கினால்தான் நாக்கில் நறநறப்புத் தெரியாது. அந்த நீண்ட ஓட்டத்தில் புளிப்பு வாடை மெல்ல மெல்ல ஆவியாகிப் போகும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பஜார் ரோடு. மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சி வரை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வரும் என்பதால், மாமியாரை முழுவதும் நடத்த வேண்டாம். கிட்டங்கிகள் நெருக்கமாக உள்ள முதல் கால் மணி நேரத்தை மட்டும் நடந்துவிட்டு ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். இன்னும் இயங்கும் கடைகளில் சணல் சாக்கின் வாயைத் திறந்து வைத்திருப்பார்கள். வாங்குபவர் கை நிறைய மிளகை அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, மூக்கருகே கொண்டுபோய்ப் பிறகு விலை பேசுவார். காலையில் நீங்கள் சாக்லேட்டுக்குச் செய்ததும் அதுவேதான்.

கல்வத்திச் சாலையில் பெப்பர் ஹவுஸின் முற்றத்தையும், அதன்பின் ஆஸ்பின்வால் வளாகத்தையும் பாருங்கள். பியெனாலே நடக்கும் பருவங்களில், அதாவது டிசம்பரிலிருந்து மார்ச் வரை, இந்த இடங்களும் மட்டாஞ்சேரியின் பல கிட்டங்கிகளும் திறந்திருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று வகுத்திருந்தாலும் கொரோனா காலத்தில் முறை தவறியதால், நீங்கள் வரும் ஜனவரி அதற்குரியதா என்பதை முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். அது இல்லாத ஆண்டில் ஆஸ்பின்வாலின் வாசலை மட்டுமே பார்த்துத் திரும்ப நேரலாம். அப்போது பரேடு மைதானத்தை ஒட்டியுள்ள டேவிட் ஹாலுக்குச் செல்லுங்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய அந்த மாளிகை இப்போது ஓவியக் கண்காட்சிகள் நடக்கும் இடம். அங்கே நிற்கும்போது, கொச்சியின் டச்சுத் தளபதியாக இருந்த வான் ரீட் தொகுப்பித்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலை நினைவுபடுத்திக்கொள்ளலாம். மலபாரின் செடிகொடிகளைப் பெரிய பெரிய படங்களாகச் செதுக்கி, படத்தின் மேலேயே மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளில் பெயர் பொறித்த நூல் அது. இட்டி அச்சுதன் என்ற உள்ளூர் வைத்தியரின் அறிவு இல்லாமல் அது உருவாகியிருக்காது. சரக்கும் சித்திரமும் இந்த ஊரில் நேற்று சேர்ந்தவை அல்ல.

தற்கால ஓவியங்களின் முன்னால் உங்கள் மாமியார் 'இது என்னம்மா, ஒன்றும் புரியவில்லையே' என்று சொன்னால் விளக்கம் சொல்லி அவரை அடக்கிவிடாதீர்கள். எதனால் செய்தது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கயிறு, சாக்கு, துரு, மீன்வலை, செம்மண் என்று அவர் வாழ்நாளெல்லாம் தொட்டுப் புழங்கிய பொருள்களைத்தான் கலைஞர்கள் இங்கே பெரிதும் எடுத்துக்கொள்கிறார்கள். கயிற்றின் முறுக்கைப் பார்த்தே அது கையால் திரித்ததா இயந்திரம் திரித்ததா என்று சொல்லிவிட்ட ஒரு பாட்டியம்மாவை எனக்குத் தெரியும். அவரோடு வந்த பட்டதாரிப் பேரப்பிள்ளைகள் அதன்பின் அவரிடமே கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். ஒரு கூடத்தில் மூன்று படைப்புகளுக்கு மேல் நின்று பார்க்க முயல வேண்டாம். சாக்லேட்டைப் போலவே இதிலும் நான்காவதிலிருந்து புலன் சோர்ந்துவிடும்.

மாலையில் பர்கர் தெருவிலுள்ள காஷி ஆர்ட் கஃபேயில் அமருங்கள். முன்னறையில் ஓவியங்கள், உள்ளே முற்றம், தட்டில் சாக்லேட் கேக் என்று உங்கள் கேள்வியின் இரண்டு பாதிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் அது. கேக்கை ஆராய வேண்டாம், பங்கிட்டுச் சாப்பிடுங்கள். கால் ஒத்துழைத்தால் 'வெளி' என்ற பகுதியின் மைதானத்துப் பக்கம் உள்ள தோபிகானாவையும் பார்க்கலாம்; தலைமுறைகளாக இங்கே துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன, தமிழில் பேச்சுக் கொடுத்தால் முகம் மலர்ந்து பேசுவார்கள்.

சாக்லேட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பதில் ஓர் எச்சரிக்கை. ஜனவரியிலும் கொச்சியில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும், காற்றில் ஈரமும் அதிகம். தொடக்க காலத்தில் நான் ஒரு குழுவுக்காக வாங்கியதைப் பனிக்கட்டிப் பையின் மேல் நேராக வைத்துக் கொண்டுவந்தேன். உறையைப் பிரித்தவுடன் ஈரம் படிந்து, சிறிது நேரத்தில் மேலே சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துவிட்டது. பூஞ்சை என்று எண்ணி எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். அது பூஞ்சை அல்ல: மேற்பரப்புச் சர்க்கரை ஈரத்தில் கரைந்து மீண்டும் உறைந்த வெண்மை. வெயிலில் இளகி மீண்டும் இறுகினாலும் கொழுப்பு மேலே வந்து இதேபோல் வெளுக்கும். தின்றால் கேடில்லை, ஆனால் அந்த முறியும் ஓசையும் வழவழப்பும் போய்விடும். தடித்த துணியில் சுற்றி, குளிர் தாங்கும் மதிய உணவுப் பையில் வைத்து, சுவைப்பதற்கு 15 நிமிடம் முன்பே வெளியே எடுத்து, உறையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள்.

மாமியாரின் சர்க்கரை பற்றி: 70 சதவீதச் சாக்லேட் என்றால் மீதி 30 சதவீதத்தில் பெரும்பகுதி சர்க்கரைதான். 5 கிராம் துண்டுகள் மூன்று என்றால் மொத்தச் சர்க்கரை நாலரை கிராமுக்குள் அடங்கும். ஒரு தேக்கரண்டி அளவு. இந்தக் கணக்கைச் சொல்லி அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பால் சாக்லேட்டிலும் கேக்கிலும் இந்தக் கணக்கு செல்லாது. அளவுக்கு மீறிக் கொடுப்பதைத் தாராளம் என்று எண்ணும் சுவைத்தல் நிகழ்ச்சிகள் உண்டு. அங்கே போனால் பையனும் கேட்டுக்கொண்டே இருப்பான்.

வழிகாட்டி வேண்டுமா என்றால், சுவரோவிய அறைக்கு வேண்டும், மற்ற இடங்களுக்கு இல்லாமலும் சமாளிக்கலாம் என்பேன். அமர்த்திக்கொள்வதானால் முன்பே நாலு கேள்விகள் கேளுங்கள். ஒரு குழுவில் எத்தனை பேர்? எட்டுக்கு மேல் போனால் பள்ளியறையில் நிற்கவே இடம் இருக்காது. நுழைவுக் கட்டணம் சேர்த்தா? சுவைக்கத் தருவது எங்கே செய்த சாக்லேட்? வழியில் கடைகளுக்கு அழைத்துப் போவீர்களா? கடைசிக் கேள்வி முக்கியமானது. என் உறவினர்கள் ஒருமுறை வேறொருவரோடு சென்றபோது, மூன்று மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தைக் கம்பளக் கடையிலும் கைவினைக் கடையிலும் உட்காரவைத்துக் கழித்துவிட்டார். கமிஷன் அங்கே கிடைக்கும், ஓவியக் கூடத்தில் கிடைக்காது. நல்ல வழிகாட்டிகள் இந்த ஊரில் நிறையவே இருக்கிறார்கள், அவர்கள் இந்தக் கேள்வியால் கோபிக்கமாட்டார்கள்.

இன்னொன்று, கம்பத்திலிருந்து இரவுப் பேருந்தில் வராதீர்கள். பகலில் குமுளி வழியாக, கே.கே. ரோடு எனப்படும் கோட்டயம்-குமுளிச் சாலையில் இறங்குங்கள். பீருமேடு தாண்டி முண்டக்கயம், காஞ்சிரப்பள்ளிப் பக்கம் வந்ததும் வீட்டுத் தோட்டங்களில் ரப்பருக்கும் பாக்குக்கும் இடையே, அகன்ற இலை தொங்கும் குட்டை மரங்கள் தென்படும். பலாவைப் போல அடிமரத்திலேயே ஒட்டிக் காய்க்கும் கொக்கோ அது. செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை ஒரு பருவம் என்பதால் நீங்கள் வரும்போது காய் இருக்கும், பழுத்தது மஞ்சளாகத் தெரியும். தேநீருக்கு நிறுத்தும் இடத்தில் வீட்டுக்காரரிடம் கேட்டால் ஒன்று பறித்துக் கொடுப்பார்கள். கத்தியால் வெட்டாமல் கல்லில் தட்டி உடைக்கச் சொல்லுங்கள். உள்ளே 30, 40 விதைகள் வெள்ளைச் சதை போர்த்தி, சீத்தாப்பழம் போல அடுக்கியிருக்கும். நீங்கள் கொச்சியில் சுவைக்கப்போகும் 60 கிராம் கட்டி ஒன்றுக்கு இப்படிப்பட்ட காய் ஒன்றரை தேவை. அந்தச் சதையோடு விதைகளை ஐந்தாறு நாள் பெட்டியில் மூடிப் புளிக்கவைத்து, 50 பாகை வரை தானாகச் சூடேறவிட்டு, வெயிலில் காயவைத்த பிறகே சாக்லேட் வாசம் அதற்குள் உருவாகத் தொடங்கும். அதற்கு முன் பச்சையாக, சதையை மட்டும் சப்பிச் சாப்பிட்டால் மங்குஸ்தானையும் எலுமிச்சையையும் நினைவூட்டும் இனிப்பு. விதையைக் கடிக்காமல் துப்பிவிடும்படி மகனிடம் சொல்லிவையுங்கள். பச்சை விதை கடுமையாகக் கசக்கும்.